முத்துக்குளிப்பை வேர்ட்பிரஸ்ல ஏத்தலாமா? புன்னைக்காயல் அச்சகத்துல இருந்து ஒரு பதில்

வெப்சைட் நடத்துற சாஃப்ட்வேர்களோட பேரை மட்டும் ஒரு தடவை கவனிங்க. 2001-ல வந்தது மூவபிள் டைப், அதாவது அசையும் அச்செழுத்து. 2003-ல வந்தது வேர்ட்பிரஸ், பிரஸ்னாலே அச்சகம்தான். அந்த வேர்ட்பிரஸ்ல 2018-ல வந்த புது எடிட்டரோட பேர் குட்டன்பர்க். இந்தத் துறையில இருக்கிற எல்லாரும் தாங்க ஒரு அச்சகம் நடத்துறதாத்தான் நினைச்சுக்கிட்டு இருக்காங்க போல. அப்படின்னா அந்த ஒப்பீட்டை நாமளும் சீரியஸாவே எடுத்துக்கலாம். அதுக்கு ஜெர்மனி வரைக்கும் போக வேண்டாம். தூத்துக்குடிக்குத் தெற்கே, தாமிரபரணி கடல்ல கலக்கிற இடத்துல புன்னைக்காயல்னு ஒரு ஊர் இருக்கு. அங்க போனா போதும்.

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு மெயில். தூத்துக்குடியில இருந்து ஒரு லிஸனர் எழுதியிருந்தாங்க. அவங்க தாத்தா 1955-லிருந்து 1961 வரைக்கும் அரசாங்கம் நடத்தின முத்துக்குளிப்புல கடல்ல இறங்கினவர். அந்தக் கரையில நடந்த கடைசி முத்துக்குளிப்புத் தொடர் அது. அன்னைக்கு இருபது வயசுல இறங்கினவங்களுக்கு இன்னைக்கு எவ்வளவு வயசுன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. தாத்தா பேசின நாலு கேசட் இருக்காம், கொஞ்சம் போட்டோ இருக்காம். 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. மழை பெஞ்சதே, அந்த வெள்ளத்துல ஒரு ஆல்பம் ஊறி பக்கத்துக்குப் பக்கம் ஒட்டிக்கிச்சாம். மிச்சம் இருக்கிறதையாவது ஒரு வெப்சைட்ல ஏத்தணும், தெருவுல இருக்கிற மத்த குடும்பங்களும் அவங்ககிட்ட இருக்கிறதைச் சேர்க்கிற மாதிரி இருக்கணும்னு ஆசைப்படுறாங்க. கேள்வி ஒரே வரிதான்: வேர்ட்பிரஸ் போதுமா அண்ணா?

போதும்னும் சொல்லலாம், போதாதுன்னும் சொல்லலாம். ஏன்னு புரியணும்னா கொஞ்சம் வரலாறு தேவைப்படுது.

முதல்ல சி.எம்.எஸ்னா என்னன்னு பார்த்துடுவோம். 90-கள்ல வெப்சைட்னா ஒவ்வொரு பக்கமும் ஒரு எச்.டி.எம்.எல் ஃபைல். நூறு பக்கம்னா நூறு ஃபைல். எல்லாத்துக்கும் மேல ஊர் பேர், கீழ முகவரி. பேர் மாறினா நூறு ஃபைலையும் திறந்து மாத்தணும். இது சும்மா கற்பனை இல்ல. நம்ம துறைமுகத்தையே எடுத்துக்கோங்க. 1974-ல பெருந்துறைமுகம் ஆச்சு. அப்புறம் ரொம்ப வருஷம் ஆங்கிலத்துல டூட்டிகோரின் போர்ட் டிரஸ்ட். 2011-ல வ.உ.சிதம்பரனார் பேர் வந்துச்சு. 2021-ல வந்த சட்டத்தால டிரஸ்ட் போய் அத்தாரிட்டி ஆச்சு. ஊர் கதை இன்னும் சுவாரஸ்யம். 2020 ஜூன்ல தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப் பெயர்களோட ஆங்கில ஸ்பெல்லிங்கை மாத்தி ஒரு ஆணை வெளியிட்டுச்சு. தூத்துக்குடிக்கு 14 எழுத்துல ஒரு நீளமான புது ஸ்பெல்லிங். கிண்டலும் விமர்சனமும் வரவும், அதே மாசம் ஆணையை வாபஸ் வாங்கிட்டாங்க. அந்த இடைவெளியில யாராவது கையால நூறு ஃபைலை மாத்தியிருந்தா, திரும்பவும் நூறு ஃபைல் மாத்தியிருக்கணும்.

சி.எம்.எஸ் பண்றது இதுதான்: எழுதுற விஷயத்தை ஒரு டேட்டாபேஸ்ல வைக்கும், பக்கம் எப்படித் தெரியணும்ங்கிறதைத் தனியா ஒரு டெம்ப்ளேட்ல வைக்கும், யாராவது கேட்கும்போது ரெண்டையும் சேர்த்துக் கொடுக்கும். பேரை ஒரு இடத்துல மாத்தினா எல்லாப் பக்கத்துலயும் மாறும். எழுதுறவங்களுக்குக் கோட் தெரிய வேண்டியதில்ல. இந்தியாவோட பெரும்பாலான மாவட்ட இணையதளங்களை இன்னைக்கு தேசியத் தகவலியல் மையத்தோட ஒரே பொது அமைப்புலதான் நடத்துறாங்க, தூத்துக்குடி மாவட்டத் தளமும் அதுல ஒண்ணு. கலெக்டர் ஆபீஸ்ல டெண்டர் அறிவிப்பு ஏத்துறவர் எச்.டி.எம்.எல் படிச்சிருக்க வேண்டாம். சர்வரும் ஊர்ல இல்ல. ஊருக்குள்ள வெள்ளம் வந்தா ஊர்ல இருக்கிற சர்வரும் சேர்ந்துதானே மூழ்கும்? இது ரொம்பப் பெரிய பலம், டெவலப்பர்கள் நாங்க இதைக் கொஞ்சம் குறைச்சே மதிப்போம். எங்களுக்கு ஃபைல் எடிட் பண்றது கஷ்டமே இல்லையே.

இப்ப வேர்ட்பிரஸ் கதைக்கு வருவோம். அது தொடங்கினதே ஒருத்தர் காணாமப் போனதாலதான். 2001-ல மிஷெல் வால்ட்ரிகிங்கிறவர் பி-2-ன்னு ஒரு வலைப்பூ சாஃப்ட்வேர் எழுதினார். 2002 கடைசியில அவர்கிட்ட இருந்து சத்தமே இல்ல. பக் வந்தா சரி பண்ண ஆள் இல்ல. அதைப் பயன்படுத்திக்கிட்டு இருந்தவங்கள்ல ஒருத்தர் மேட் முல்லன்வெக், ஹூஸ்டன்ல 19 வயசுப் பையன். 2003 ஜனவரியில, அந்தக் கோடை எடுத்துத் தொடர்ந்து வளர்க்கலாம்னு இருக்கேன்னு தன்னோட வலைப்பூவுல எழுதினார். அதுக்குக் கீழ இங்கிலாந்துல இருந்து மைக் லிட்டில்ங்கிறவர், நானும் சேர்ந்துக்கிறேன்னு ஒரு கமென்ட் போட்டார். அதே வருஷம் மே 27-ம் தேதி வேர்ட்பிரஸ் முதல் வெளியீடு வந்துருச்சு.

இதை எப்படிச் செய்ய முடிஞ்சது? பி-2 ஜி.பி.எல் உரிமத்துல இருந்துச்சு. யார் வேணாலும் எடுக்கலாம், மாத்தலாம், திரும்ப வெளியிடலாம், ஆனா அடுத்தவங்களுக்கும் அதே உரிமையைக் கொடுக்கணும். எழுதினவரே காணாமப் போனாலும் சாஃப்ட்வேர் சாகல. அடுத்த வருஷமே எதிர்ப்பக்கத்துக் கதையும் நடந்துச்சு. 2004 மே மாசம் மூவபிள் டைப் தன்னோட உரிம விதிகளை மாத்தி, இலவசமா என்னென்ன பண்ணலாம்ங்கிறதைச் சுருக்கிருச்சு. கோபப்பட்ட ஆளுங்க கூட்டமா வேர்ட்பிரஸ் பக்கம் வந்தாங்க. அதே மே மாசம் வந்த 1.2 பதிப்புல ப்ளக்இன், 2005-ல 1.5 பதிப்புல தீம். இன்னைக்கு உலகத்துல இருக்கிற வெப்சைட்கள்ல 40 சதவீதத்துக்கு மேல வேர்ட்பிரஸ்ல ஓடுது.

இப்ப நானூறு வருஷம் பின்னாடி போவோம். பேர்ல அச்சகம் வெச்சவங்களை விட்டுட்டு, நிஜ அச்சகம் வெச்சவங்ககிட்ட.

முத்துக்குளிக்கிற கரையில பரதவர்கள் 1530-கள்ல கிறிஸ்தவத்துக்கு மாறுறாங்க. 1542-ல சவேரியார் வர்றார். அவருக்கு அப்புறம் வந்த போர்த்துக்கீசியப் பாதிரியார் அன்ரிக் அன்ரிக்கஸ், தமிழை ஒழுங்கா உட்கார்ந்து கத்துக்கிட்டவர். பேசினா பத்தாது, புத்தகம் வேணும்னு அவருக்குத் தோணுது. அச்செழுத்தை 1577-ல கோவாவுல வார்த்துப் பார்த்தாங்க. 1578-ல கொல்லத்துல மறுபடியும் வார்த்தாங்க. அந்த வருஷம் அக்டோபர் 20-ம் தேதி கொல்லத்துல 'தம்பிரான் வணக்கம்' அச்சாச்சு. 16 பக்கம்தான். ஆனா இந்திய மொழி எழுத்துல அச்சாகி நம்ம கைக்குக் கிடைச்சிருக்கிற முதல் புத்தகம் அது. அடுத்த வருஷம் கொச்சியில இன்னொரு புத்தகம். 1586-ல 'அடியார் வரலாறு', அறுநூறு பக்கத்துக்கு மேல. அது அச்சானது புன்னைக்காயல்லன்னு பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்றாங்க. இந்த முயற்சிக்குப் பணம் கொடுத்தவங்கள்ல பரதவர்களும் உண்டு. இன்னைக்கு மொழியில சொன்னா, யூசர்களே ஃபண்ட் பண்ண ப்ராஜெக்ட்.

சரி, அப்புறம்? அப்புறம் ஒண்ணும் இல்ல. அதுதான் விஷயம். அன்ரிக்கஸ் 1600-ல இறந்துபோறார். இந்தக் கரையில தமிழ் அச்சு நின்னு போகுது. 1679-ல கேரளத்து அம்பலக்காட்டுல மர எழுத்துல ஒரு அகராதி வருது. அதை விட்டா 1713-ல தரங்கம்பாடியில சீகன்பால்கு ஜெர்மனியில இருந்து எழுத்து வரவழைச்சு அச்சடிக்கிற வரைக்கும் தமிழ் அச்சுல பெரிய வெற்றிடம். தரங்கம்பாடிக்காரங்க புன்னைக்காயல் எழுத்தை எடுத்து வளர்க்கல, முதல்ல இருந்து ஆரம்பிச்சாங்க. பி-2-வுக்கு ஒரு 19 வயசுப் பையன் கிடைச்ச மாதிரி புன்னைக்காயலுக்கு யாரும் கிடைக்கல.

ஆனா புத்தகங்கள் பிழைச்சிருச்சு! எப்படின்னா, அச்சகத்தை விட்டு வெளிய போனதால. தம்பிரான் வணக்கம் பிரதி இன்னைக்கு ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துல இருக்கு. அடியார் வரலாறு வத்திக்கான் நூலகத்துல இருக்கு. இயந்திரம் போச்சு, எழுத்து போச்சு, தொழில் தெரிஞ்ச ஆளுங்க போயிட்டாங்க. எந்த இயந்திரமும் இல்லாம திறந்து படிக்கக்கூடிய காகிதப் பிரதி ரெண்டு ஊர்ல பத்திரமா இருக்கு. அதனாலதான் ஒரு சி.எம்.எஸ் நல்லதா கெட்டதான்னு எடை போடும்போது, உள்ள எழுதுறது எவ்வளவு ஈஸின்னு மட்டும் நான் பார்க்க மாட்டேன். அது செத்துப்போனா உள்ள இருக்கிறது என்ன நிலைமையில வெளிய வரும்னும் பார்ப்பேன்.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வேர்ட்பிரஸ்ஸைப் பார்ப்போம். முதல்ல தமிழ்ல இருந்து ஆரம்பிக்கிறேன். இங்கிலீஷ் ரிவ்யூ எதுலயும் இது வராது.

ஆரம்பகால வேர்ட்பிரஸ் தமிழை யூ.டி.எஃப்-8-ல அனுப்பும். ஆனா அடியில இருந்த மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் பல சர்வர்ல தன்னை லத்தீன் எழுத்து டேட்டாபேஸ்னு நினைச்சுக்கிட்டு இருந்துச்சு. உள்ள போகும்போது தப்பா புரிஞ்சுக்கும், வெளிய வரும்போது அதே தப்பைத் திருப்பிப் பண்ணும், ரெண்டு தப்பும் சேர்ந்து ஸ்கிரீன்ல தமிழ் சரியா வந்துடும். 2007-ல 2.2 பதிப்பு வந்து, டேட்டாபேஸ் எந்த எழுத்துமுறைன்னு வெளிப்படையாச் சொல்ற ஒரு வரியைக் கான்ஃபிக் ஃபைல்ல சேர்த்துச்சு. சரியான வேலைதான். ஆனா பழைய தளத்துல அந்த வரியைச் சேர்த்தவங்களுக்கு, அதுவரைக்கும் எழுதின தமிழ் எல்லாம் தொப்பியும் கொம்பும் வெச்ச லத்தீன் எழுத்துக் குவியலா மாறிப்போச்சு. டேட்டா அழியல, படிக்கிற விதம் மாறிருச்சு, அவ்வளவுதான். விவரம் தெரிஞ்சவங்க அந்த வரியை எடுத்துட்டுத் தப்பிச்சாங்க. தெரியாதவங்க எழுதினதெல்லாம் போச்சுன்னு நினைச்சு அழிச்சுட்டு முதல்ல இருந்து ஆரம்பிச்சிருப்பாங்க. எத்தனை பேர் அப்படிப் பண்ணாங்களோ, அதுக்குக் கணக்கு இல்ல.

அந்தப் பிரச்சினை இன்னைக்குப் புதுத் தளங்களுக்கு வராது. ஆனா ஒண்ணு இன்னும் இருக்கு, நீங்களே செஞ்சு பார்க்கலாம். வேர்ட்பிரஸ்ல "தூத்துக்குடி முத்துக்குளிப்பு 1958"-னு தலைப்பு வெச்சு ஒரு போஸ்ட் எழுதுங்க. தலைப்புல இருந்து அதுவே ஒரு யூ.ஆர்.எல் உருவாக்கும். என்ன வரும் தெரியுமா? "தூத்துக்குடி-முத்துக்கு". அவ்வளவுதான். குளிப்பும் இல்ல, வருஷமும் இல்ல.

காரணம் சிம்பிள் கணக்கு. யூ.ஆர்.எல்லோட அந்தப் பகுதியை வைக்க டேட்டாபேஸ்ல 200 எழுத்துக்குத்தான் இடம். இங்கிலீஷுக்கு அது தாராளம். யூனிகோட்ல ஒரு தமிழ்க் குறியீடு யூ.டி.எஃப்-8-ல 3 பைட். யூ.ஆர்.எல்ல ஒவ்வொரு பைட்டையும் ஒரு சதவீதக் குறி, ரெண்டு இலக்கம்னு 3 எழுத்தா எழுதணும். ஆக ஒரு குறியீட்டுக்கு 9 எழுத்து. இதுல புள்ளி தனிக் குறியீடு, கொம்பு தனி, உகர வளைவு தனி. "தூத்துக்குடி"-யில நமக்குக் கண்ணுக்குத் தெரியுறது ஆறு எழுத்து, கம்ப்யூட்டருக்கு 12 குறியீடு, யூ.ஆர்.எல்ல 108 எழுத்து. நடுவுல ஒரு கோடு, 109. மிச்சம் இருக்கிற 91-ல பத்துக் குறியீடுதான் அடங்கும். "முத்துக்கு" வரைக்கும் வந்து நின்னுரும். ஓலையில எழுதினவங்க ஓலை கிழிஞ்சுடும்னு புள்ளியையே பெரும்பாலும் விட்டுட்டாங்க. அவங்க இதைப் பார்த்திருந்தா, ஒரு புள்ளிக்கு ஒன்பது எழுத்தான்னு நெஞ்சைப் பிடிச்சிருப்பாங்க.

இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆனா அந்த லிஸனர் 1955, 56, 57-ன்னு வருஷவாரியா போஸ்ட் போட்டா எல்லாத்துக்கும் ஒரே யூ.ஆர்.எல், பின்னாடி 2, 3-ன்னு நம்பர் மட்டும் சேரும். வாட்ஸ்அப்ல லிங்க் அனுப்பினா அரைப்பக்கச் சதவீதக் குறிகள். தீர்வு இருக்கு: யூ.ஆர்.எல்லைக் கையால இங்கிலீஷ்ல சுருக்கமா எழுதணும். தெருவுல இருக்கிற பாட்டி போஸ்ட் போடும்போது அதை யார் சொல்லித் தருவா?

தேடுற வசதியும் அப்படித்தான். வேர்ட்பிரஸ்ஸோட சொந்தத் தேடல் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பார்க்கும், அவ்வளவுதான். "கடல்"-னு தேடினா "கடற்கரை" வராது, ஏன்னா ல் போய் ற் ஆயிருச்சு. "பரவர்"-னு தேடினா "பரதவர்" வராது. தொல்காப்பியத்துல இருந்து நாம படிச்சுக்கிட்டு இருக்கிற புணர்ச்சி விதி எதுவும் அதுக்குத் தெரியாது. வாய்மொழி வரலாற்றுல ஒரே பொருளை ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரிச் சொல்லுவாங்க. அங்க இது பெரிய ஓட்டை.

பேர் மாத்துறதுல சி.எம்.எஸ் பலம்னு மேல சொன்னேன்ல, அதுலயும் ஒரு கொக்கி இருக்கு. வேர்ட்பிரஸ் சில செட்டிங்குகளை டேட்டாபேஸ்ல வைக்கும்போது, பக்கத்துலயே அந்தச் சொல் எவ்வளவு நீளம்ங்கிற எண்ணையும் சேர்த்து எழுதி வைக்கும். ஊரோட பழைய ஆங்கில ஸ்பெல்லிங் 9 எழுத்து, இப்ப இருக்கிறது 11. நேரா டேட்டாபேஸ்ல போய் ஒண்ணை எடுத்து இன்னொண்ணைப் போட்டா, நீளம் ஒத்துப்போகாம அந்த செட்டிங்கே செல்லாமப் போயிடும். சைட்பார்ல இருந்த பகுதி காணாமப் போயிருக்கும், ஏன்னு ஒரு எரர்கூட வராது. இதுக்குன்னே சரியான கருவிகள் இருக்கு, அதைத்தான் பயன்படுத்தணும்.

ப்ளக்இன் பத்தி நிறையப் பேர் நிறையச் சொல்லியாச்சு, வேகமாச் சொல்லிட்டுப் போயிடுறேன். 2011-ல டிம்தம்ப்னு படத்தைச் சின்னதாக்குற ஒரு குட்டி ஸ்கிரிப்ட்ல ஓட்டை கண்டுபிடிச்சாங்க. அது நூத்துக்கணக்கான தீம்களுக்குள்ள ஒளிஞ்சு இருந்துச்சு. தன்னோட தளத்துல அது இருக்குன்னே பலருக்குத் தெரியாது. 2013-ல இருந்து வேர்ட்பிரஸ் தன்னோட சின்ன அப்டேட்டுகளைத் தானே போட்டுக்குது, நல்ல விஷயம். ஆனா ஒவ்வொரு ப்ளக்இன்னும் ஒரு தனி மனுஷரை நம்பி இருக்கு. பேஜ் பில்டர் வகை ப்ளக்இன் இன்னும் மோசம்: அதை நிறுத்தினா உங்க கட்டுரை சதுர அடைப்புக்குறிகளுக்கு நடுவுல சிக்கின கட்டுரையா நிக்கும். குட்டன்பர்க் வந்தப்போ எல்லாரும் திட்டினாங்க, எனக்கும் எழுத எரிச்சலாத்தான் இருந்துச்சு. ஆனா அது சேமிக்கிறது சுத்தமான எச்.டி.எம்.எல். நாளைக்கு வேர்ட்பிரஸ்ஸே இல்லன்னாலும் பிரவுசர்ல திறந்து படிக்கலாம். அந்த ஒரு காரணத்துக்காக நான் அதோட பக்கம்.

2024-ல நடந்ததையும் சொல்லணும். முல்லன்வெக்குக்கும் டபிள்யூ.பி. எஞ்சின்ங்கிற ஹோஸ்டிங் கம்பெனிக்கும் சண்டை. செப்டம்பர்ல அந்தக் கம்பெனி வேர்ட்பிரஸ் டாட் ஆர்க்கை அணுக முடியாம அடைச்சார். அவங்க வாடிக்கையாளர்களுக்கு அப்டேட் வர்றதுல சிக்கல். அக்டோபர்ல அவங்களோட அட்வான்ஸ்டு கஸ்டம் ஃபீல்ட்ஸ் ப்ளக்இன்னோட பக்கத்தையே எடுத்துக்கிட்டு வேற பேர் வெச்சாங்க. டிசம்பர் 10-ம் தேதி கோர்ட் தலையிட்டு, பழையபடி வைங்கன்னு இடைக்கால உத்தரவு போட்டுச்சு. சண்டையில யார் பக்கம் நியாயம்ங்கிறது இங்க விஷயம் இல்ல. கோட் எல்லாருக்கும் சொந்தம், ஆனா அப்டேட் வர்ற குழாய் ஒருத்தர் கையில இருந்துச்சுன்னு உலகத்துக்குத் தெரிஞ்சது அப்பத்தான். முத்துக்குளிச்சவர் பேர், வருஷம், வள்ளம், இறங்கின பார்னு கட்டம் கட்டமா விவரம் சேர்க்கணும்னா அந்த லிஸனருக்கு முதல்ல தேவைப்படுற ப்ளக்இன் அதே கஸ்டம் ஃபீல்ட்ஸ்தான்ங்கிறதையும் கவனிங்க.

கடைசியா, வெளிய வர்ற வழி. வேர்ட்பிரஸ்ல எக்ஸ்போர்ட்னு ஒரு பட்டன் இருக்கு. அமுக்கினா ஒரு ஃபைல் இறங்கும். எல்லாம் வந்துருச்சுன்னு நிம்மதியாத் தூங்கிடுவோம். அந்த ஃபைல்ல எழுத்து மட்டும்தான் இருக்கும். போட்டோ, ஆடியோ எதுவும் இருக்காது, அது எங்க இருக்குங்கிற முகவரிதான் இருக்கும். ஹோஸ்டிங் பணம் கட்டாம சர்வர் நின்னு போன பிறகு அந்த ஃபைலைத் திறந்தா, காலி வீட்டு முகவரி லிஸ்ட் மாதிரி இருக்கும். கேசட்டும் போட்டோவும்தான் முக்கியம்னு இருக்கிற ஒருத்தருக்கு இதைவிடப் பெரிய பொறி வேற இல்ல. டேட்டாபேஸையும் அப்லோட்ஸ் ஃபோல்டரையும் தனித்தனியா எடுத்து வைக்கணும்.

அப்ப வேற என்ன வழி? மன்னார் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் பாருங்க. 1981-ல யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிஞ்சப்போ சுமார் 97,000 புத்தகம் போச்சு. அந்த இழப்பு தெரிஞ்ச சமூகத்துல இருந்து 2005-ல நூலகம் திட்டம் வந்துச்சு. ஈழத்துப் புத்தகம், பத்திரிகைன்னு ஸ்கேன் பண்ணிச் சேர்க்கிறாங்க. அவங்க தளம் ஓடுறது மீடியாவிக்கியில, விக்கிப்பீடியா ஓடுற அதே சாஃப்ட்வேர். போட்டோ, ஒலிப்பதிவு மாதிரி விஷயங்களுக்கு ஆவணகம்னு தனித் தளம், அது ஐலாண்டோராங்கிற ஆவணக் காப்பக சாஃப்ட்வேர்ல இருக்கு. அங்க ஒவ்வொரு பொருளும் ஒரு பதிவு: யார் உருவாக்கினது, எப்ப, எங்க, யார்கிட்ட உரிமை. வேர்ட்பிரஸ்ல எல்லாமே ஒரு தேதி போட்ட போஸ்ட். வலைப்பூவுக்குப் பிறந்த குழந்தை, தேதி வரிசையை மறக்காது. ஆனா ஐலாண்டோராவை நடத்த ஒரு குழு வேணும், தெரிஞ்ச டெவலப்பர் வேணும். ஒரு தெருவுக்கு அது தாங்காது. என்னை மாதிரி ஆளுங்க உடனே ஹியூகோ போடு, கிட்ஹப்ல வை, செலவே இல்லன்னு சொல்லுவோம். அது வெறும் ஃபைல், எந்த டேட்டாபேஸும் இல்ல, நூறு வருஷம் கழிச்சும் திறக்கும். உண்மைதான். ஆனா அதுல அந்தத் தெருக்காரங்க யாரும் எழுத மாட்டாங்க. ஒரே ஒருத்தர் மட்டும் எழுதுவார், அவருக்கு வேலை மாறினதும் அதுவும் நின்னுரும்.

அதனால என் பதில்: வேர்ட்பிரஸ்ஸே போடுங்க தங்கச்சி. தெருக்காரங்க போன்ல இருந்தே தமிழ்ல எழுதலாம், மெனுவும் தமிழ்ல கிடைக்குது, தெரிஞ்ச ஆள் எந்த ஊர்லயும் கிடைப்பாங்க. பேஜ் பில்டர் வேண்டாம், ப்ளக்இன் அஞ்சுக்கு மேல வேண்டாம், யூ.ஆர்.எல்லைக் கையால இங்கிலீஷ்ல எழுதுங்க. ஆனா அசல் அங்க இருக்கக் கூடாது. ஒரு ஹார்டு டிஸ்க்ல ஒவ்வொரு கேசட்டுக்கும் ஒரு ஃபோல்டர்: வேவ் ஃபார்மட்ல ஆடியோ, கூடவே ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். யார் பேசினது, யார் பதிவு பண்ணது, எந்த ஊர், எந்த வருஷம், வெளியிட அனுமதி கொடுத்தது யாரு. அதுக்கு ஒரு நகல் வேற ஊர்ல இருக்கிற சொந்தக்காரங்க வீட்டுல இருக்கட்டும், வெள்ளம் ரெண்டு ஊருக்கும் ஒண்ணா வரக் கூடாது. இன்னொரு நகல் இன்டர்நெட் ஆர்க்கைவ்ல. வெப்சைட்டை அதோட கண்ணாடி ஷோகேஸ்னு வெச்சுக்கோங்க. ஷோகேஸ் உடைஞ்சா வேற வாங்கிக்கலாம். ஹோஸ்டிங் பணம் வருஷா வருஷம் யார் கட்டுறதுன்னு இப்பவே தெருவுல ரெண்டு பேரைப் பேசி வெச்சுடுங்க, ஒருத்தர் போதாது. முதல் வருஷ ஆஃபர் விலையைப் பார்த்து ஏமாறாதீங்க, ரெண்டாவது வருஷம் கட்டுற தொகையைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

வெப்சைட்டுக்கு அவசரமே இல்ல. கேசட்டுக்குத்தான் அவசரம், அந்த டேப்ல பூஞ்சை வர்றதுக்கு முன்னாடி அதை ஓட்டணும். இன்னொண்ணு, தாத்தா எந்தெந்தப் பார்ல இறங்கினார்னு அதுல சொல்றாரா? ஒவ்வொரு பாருக்கும் ஒரு பேர் உண்டு, அந்தப் பேரெல்லாம் தெரிஞ்சவங்க இன்னும் கொஞ்சம் பேர்தான் இருக்காங்க. கேட்டுட்டு எழுதுங்க, முத்துக்குளிப்பு பத்தின எபிசோடை அந்தப் பேர்கள்ல இருந்தே ஆரம்பிக்கிறேன்.